உங்களுக்குத் தெரியுமா? அட்டவணைக்கும் தலை முக்கியம்!

● விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளில் ரயில்பாதை பிரிகிறது. அச்சிட்ட கால அட்டவணையில் வண்டி எண்கள் மேலே தலைப்புகளாக நிற்கும். திண்டிவனம், விழுப்புரம் என ஊர்ப்பெயர்கள் இடப்பக்கம் கீழிறங்கும். ஊர்ப்பெயர்களைத் தலைப்பாக்கினால், சின்ன நேர எண்ணுக்காக நெடுவரிசை வீணாக அகலும்.

● டொனால்ட் நூத் 1978-இல் உருவாக்கிய ‘டெக்’ அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பியது ‘லேடெக்’. அதில் அட்டவணையின் எண்களை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு, தலைப்பை மட்டும் நடுவில் நிறுத்த ‘மல்டிகாலம்’ ஆணை உதவுகிறது. நீண்ட தலைப்பை இரண்டு வரியாக மடிக்கலாம், செங்குத்தாகவும் திருப்பலாம்.

● அட்டவணை பல பக்கம் நீண்டால், லேடெக்கின் ‘லாங்டேபிள்’ தொகுப்பு ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தலைப்பைத் தானே மீண்டும் அச்சிடும்.

● டெக்கின் வழியில் 2004-இல் வந்த ‘ஸீடெக்’ மென்பொருள், யூனிகோடு தமிழ் எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்த வழி திறந்தது. தமிழிலேயே தலைப்பு வைக்கத் தடையில்லை.

● கி.மீ., ரூ. போன்ற அலகுகளை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதாதீர்கள். தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். படிப்பவருக்குக் கண் வலிக்காது.