சிறிய தேகமும் பெரிய பளுவும்

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸில், 49 கிலோ பிரிவில் இந்திய வீராங்கனை மீராபாய் சானு தூக்கிய மொத்தப் பளு 199 கிலோ. வெண்கலப் பதக்கம் பெற்ற தாய்லாந்துப் பெண் தூக்கியது 200. ஒரு கிலோவில் பதக்கம் கைநழுவியதே என்று நாமெல்லாம் பரிதாபப்பட்டோம். ஆனால் சிறிய உருவம் படைத்த பளுதூக்கும் வீரர்களுக்குத் தண்டின்மேல் ஏறும் கிலோவைக் காட்டிலும் தேகத்தின்மேல் ஏறும் கிலோவே தீராத விசாரம்.

உயரம் குன்றியவர் பலத்திலும் குன்றியவர் என்று எண்ணுவது பிசகு. உருவம் இருமடங்கு பெருத்தால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது; தேகத்தின் எடையோ எட்டு மடங்காகிவிடுகிறது. பலம் முன்னதைப் பொறுத்ததாகையால், எடைக்குத் தக்க பலம் என்ற விகிதத்தில் சிறியவர்களே முந்தி நிற்கிறார்கள். 147 சென்டிமீட்டர் உயரமே இருந்த துருக்கி வீரர் நைம் சுலைமானோலு, 1988-இல் சியோல் நகரில், 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டியது அற்புதந்தான். எனினும் இயற்கை நியதிக்குப் புறம்பானதன்று.

ஆயினும் விகிதத்திற்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. பிரிவின் எல்லையைத் தொடாத மெலிந்த தேகத்தோடு மேடையேறுகிறவர், எல்லைவரை தசையை நிரப்பிக்கொண்டு வந்த எதிராளிக்குச் சில கிலோக்களைத் தானமாகக் கொடுத்துவிடுகிறார். ஆகவே எடை கூட வேண்டும். அது தசையாகக் கூட வேண்டும் என்பதில்தான் சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அப்பியாசம் தொடங்கிய முதல் சில வாரங்களில், எடை ஏறாமலே பலம் ஏறுவதைக் கண்டு இளைஞர்கள் மகிழ்வார்கள். நரம்புகள் கூடுதலான தசையிழைகளை ஒருசேர ஏவக் கற்றுக்கொள்வதன் பலன் அது. அதற்குப்பின் தசை வளராமல் பலம் அதிகம் வளராது. கனமான ஸ்குவாட் பயிற்சி வேண்டும், உறக்கம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆகாரம் வேண்டும். கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில், 48 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 77 கிராம் தேவை. ஒரு முட்டையிலோ ஆறு கிராம்தான் கிடைக்கிறது. பசியும் சிறுத்திருப்பவர்கள் ஒரே வேளையில் திணித்துக்கொள்ளாமல், பாலும் பருப்பும் வேர்க்கடலையும் மீனுமாக ஐந்தாறு வேளை பிரித்து உண்பதே உசிதம். வாரத்துக்குக் கால் கிலோவுக்குமேல் ஏறினால் அதில் கொழுப்பின் பங்கு மிகுந்துவிடும். தண்டைத் தூக்குவதில் கொழுப்பு ஒத்தாசை செய்வதில்லை.

எல்லையைத் தாண்டிவிட்டால் பட்டினி கிடந்து எடையை இறக்கலாமே என்பீர்கள். போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னர்தான் எடை பார்க்கத் தொடங்குகிறார்கள். வற்றிய உடலைத் தேற்றிக்கொள்ள அவகாசம் ஏது?

2025-இல் புதிய 48 கிலோ பிரிவுக்கு இறங்கி, நார்வேயில் நடந்த உலகப் போட்டியில் மீண்டும் 199 கிலோ தூக்கி மீராபாய் வெள்ளி வென்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலோ பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவே 53 கிலோ. அங்கே போக விரும்பினால், முப்பத்து மூன்று வயது கடந்த நிலையில், இத்தனை காலம் அடக்கிவைத்த பசிக்கு அவர் இடங்கொடுக்க வேண்டியிருக்கும். சுபாவமாகவே அந்த எடையுள்ள இளம்பெண்களுக்கு ஈடுகொடுக்க, ஏறும் ஐந்து கிலோவில் பெரும்பகுதி தொடையிலும் முதுகிலும் தசையாகவே படிந்தாக வேண்டும்.