முயலுக்குத் தீனி: மாதச் செலவு எவ்வளவு? அதை எப்படிக் குறைக்கலாம்?



நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் இப்போது முயல் இருக்கிறது. சில வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் சந்தையில் ஒரு ஜோடி வாங்கியிருப்பார்கள். சில வீட்டில் உள்கடன் எடுத்து ஐந்து, பத்து என்று வளர்க்கிறார்கள். வாங்கும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "முயல்தானேக்கா, புல்லைத் தின்னுட்டு ஒரு மூலையில கிடக்கும்." ஆனால் இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "தீவனத்துக்கே காசு சரியாப் போகுதுக்கா" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? முயல் வாங்குவது ஒரு நாள் செலவு. கூண்டும் ஒரு முறை செலவு. கடன் தவணை மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் தீனி தினமும் போட வேண்டும். தினச் செலவு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிசி, பருப்புக்கு வைத்த காசிலிருந்துதான் அது போகிறது. அதனால் இந்த இதழில் முயல் தீனியின் கணக்கைப் பார்ப்போம்.

முயல் வயிறு எதற்கு ஆனது?

செலவைக் குறைக்க முதலில் முயலின் வயிற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாடு மாதிரி முயலுக்கு நாலு அறை இரைப்பை கிடையாது. தின்ற நார்ச்சத்து அதன் பெருங்குடல் பகுதியில் புளித்துத்தான் செரிக்கிறது. அங்கே செரித்ததை மென்மையான சாணமாகப் போட்டு, அதைத் தானே வாயால் எடுத்துத் தின்னும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் இப்படிச் செய்யும். இதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். முயலின் உடம்பு அப்படித்தான் சத்தை எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம், முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை மென்று மென்றுதான் பல் தேய வேண்டும். தேயாவிட்டால் பல் நீண்டு, வாயில் குத்தி, தின்ன முடியாமல் போகும்.

ஆக முயலுக்கு முதல் உணவு புல்லும் காய்ந்த புல்லும்தான். கடையில் விற்கும் குச்சித் தீவனம் துணை உணவு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். குச்சித் தீவனத்தை வயிறு நிறையப் போடுகிறோம், புல்லைக் கிடைத்தால் போடுகிறோம். இதனால் காசும் போகிறது, கழிச்சலும் வருகிறது. செலவு குறைவான தீனியே முயலுக்கு நல்ல தீனியாகவும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு கிலோ எடையுள்ள இரண்டு வளர்ந்த முயல் உங்கள் வீட்டில் இருக்கிறது, குட்டி எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். குச்சித் தீவனம் கிலோ 45 ரூபாய், கடலைக்கொடி கிலோ 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே மாதிரி கணக்குப் பாருங்கள்.

முதல் முறை, குச்சித் தீவனம் மட்டும்: முயலுக்கு தினம் 100 கிராம். இரண்டுக்கும் மாதம் 6 கிலோ. செலவு 270 ரூபாய். வருஷத்துக்கு 3,240 ரூபாய்.

இரண்டாம் முறை, பாதிக்குப் பாதி: முயலுக்கு தினம் 50 கிராம் குச்சித் தீவனம், 75 கிராம் காய்ந்த கொடி அல்லது புல். மாதம் தீவனம் 3 கிலோ, 135 ரூபாய். கொடி நாலரைக் கிலோ, 45 ரூபாய். மொத்தம் 180 ரூபாய். வருஷத்துக்கு 2,160 ரூபாய்.

மூன்றாம் முறை, வீட்டுப் பசுந்தீவனத்தோடு: 30 கிராம் குச்சித் தீவனம், 75 கிராம் கொடி, இரண்டு கை பசும்புல் அல்லது தழை. மாதம் தீவனம் 1 கிலோ 800 கிராம், 81 ரூபாய். கொடி 45 ரூபாய். மொத்தம் 126 ரூபாய். வருஷத்துக்கு 1,512 ரூபாய்.

முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 1,728 ரூபாய். இது இரண்டு முயலுக்கு. பத்து முயல் வைத்திருப்பவர் ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சினை முயலுக்கும், பாலூட்டும் முயலுக்கும், வளரும் குட்டிக்கும் இந்தக் குறைப்பு கூடாது. நாலு, ஐந்து கிலோ வரும் பெரிய இன முயலுக்குப் பண்ணையில் தினம் 100 கிராம் அடர்தீவனமும் 250 முதல் 300 கிராம் பசுந்தீவனமும் தருவார்கள். பாலூட்டும்போது அடர்தீவனம் 150 கிராம் வரை போகும். தாய் வயிற்றைக் குறைத்தால் குட்டி செத்துப்போகும், அப்போது மிச்சம் பிடித்தது எல்லாம் நஷ்டம்தான்.

வீட்டில் தராசு இல்லையே என்கிறீர்களா? நீங்கள் தீவனம் அள்ளும் டம்ளரை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய், ஒரு டம்ளர் தீவனம் எத்தனை கிராம் என்று ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். 50 கிராமுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்மட்டத்தில் போடும்போதுதான் கூடுதலாகப் போகிறது.

காய்ந்த புல்லுக்கு எங்கே போவது?

சென்னை, கோயம்புத்தூர் மாதிரி நகரங்களில் முயல் வளர்ப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும் திமோத்தி புல்லை பாக்கெட்டில் வாங்குகிறார்கள். கிலோ பல நூறு ரூபாய். அது குளிர் தேசத்துப் புல், நம் சமவெளியில் விளையாது. அதே கடையில் அல்ஃபால்ஃபா என்று ஒரு பாக்கெட் இருக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் குதிரைமசால்தான். இந்தப் பாக்கெட் எதுவும் நமக்கு வேண்டாம். நம் ஊரிலேயே இருப்பவை இவை:

1. கடலைக்கொடி: நிலக்கடலை பறித்த பிறகு மிஞ்சும் கொடி. இலையோடு காய்ந்தது சத்து மிகுந்தது. முயல் விரும்பித் தின்னும்.

2. கொள்ளு, உளுந்து, பாசிப்பயறு கொடி: கடலைக்கொடிக்கு அடுத்தபடி நல்லது.

3. கொழுக்கட்டைப் புல்: ஈரோடு, திருப்பூர் பக்கம் கொறங்காட்டில் தானாக வளரும். மானாவாரியில் தாங்கும். பூக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்தால் நல்ல உலர்புல்.

4. அருகம்புல்லும் வரப்புப் புல்லும்: காசு இல்லை, உங்கள் நேரம்தான் செலவு.

5. வைக்கோல்: இதில் சத்து மிகக் குறைவு. கூண்டில் படுக்கையாகப் போடலாம், முக்கிய தீனி ஆகாது.

கடலைக்கொடி மாதிரிப் பயறு வகைக் கொடியை மட்டுமே வளர்ந்த முயலுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், நாள்பட்டால் சிறுநீரில் கல் சேரும். இரண்டு பங்கு புல், ஒரு பங்கு கொடி என்று கலந்து போடுங்கள். குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடி கூடுதலாகத் தரலாம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

அறுவடை நேரத்தில் கொடி மலிவு. சித்திரை, வைகாசியில் மாட்டுக்கே தீவனம் கிடைக்காதபோது விலை ஏறும். ஒரு முயலுக்கு வருஷத்துக்குச் சுமார் 30 கிலோ காய்ந்த தீனி போதும். இதை அறுவடையின்போதே வாங்கி வைத்துவிடலாம்.

கட்டுக்கணக்கில் வாங்காதீர்கள், எடை போட்டு வாங்குங்கள். எடையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு கிலோ கொடியை எடுத்து ஒரு நாள் வெயிலில் போட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். 800 கிராம் வந்தால் மீதி 200 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். கிலோ 8 ரூபாய் என்று வாங்கியது உண்மையில் 10 ரூபாய்.

கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல கொடிக்கு காய்ந்த புல் வாசம் வரும், பச்சை நிறம் கொஞ்சமாவது இருக்கும். பூசண வாசம், கருப்பு, வெள்ளைப் படலம், தூசி பறப்பது இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மழையில் நனைந்து போர் போட்ட கொடியிலும், கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கிலும் வரும் பூசண நஞ்சு ஈரலைக் கெடுத்து முயலைக் கொன்றுவிடும். காட்டுக்காரரிடம் கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டுப் போடுங்கள்.

குச்சித் தீவனம் மூட்டையாக வாங்கினால் சில்லறையைவிடக் குறைவு. ஆனால் 50 கிலோ மூட்டையை ஒரே வீட்டில் வைத்தால் தீருவதற்குள் கெட்டுப்போகும். மாதம் 3 கிலோ செலவாகும் எட்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கினால் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். கொடியும் அப்படித்தான். தனி ஆள் பத்துக் கட்டு கேட்டால் ஒரு விலை, குழு சேர்ந்து ஒரு டிராக்டர் லோடு கேட்டால் ஒரு விலை. வண்டி வாடகையும் பிரிந்துவிடும். யார் எத்தனை கிலோ, யார் பணம் கட்டினார்கள் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுச் செய்யுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது.

ஒரு சென்ட் இடம் இருந்தால்

துணி துவைக்கும் தண்ணீரில் சோப்பு இருக்கும். பாத்திரம் கழுவும் தண்ணீர், குளியல் தண்ணீர் போகும் இடத்தில் சோப்பு அதிகம் சேராமல் பார்த்து வேலிமசால் போடுங்கள். விதைத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை சிறிது ஆறவிட்டு, அதில் விதையை ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, பிறகு பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதையுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விடுங்கள். மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒரு தடவை அறுக்கலாம். நல்ல பாசனத்தில் ஒரு சென்ட்டில் வருஷத்துக்கு 500 கிலோ பசுந்தழை வரும். வீட்டுப் பராமரிப்பில் அதில் பாதி வந்தாலும் இரண்டு முயலுக்கு நிறைய.

தண்ணீர் இல்லாத மேட்டு நிலமா? முயல் மசால் போடுங்கள். பெயரிலேயே முயல் இருக்கிறது! மானாவாரியில் வரும்.

மிஞ்சும் தழையைக் காயவைக்கலாம். நாலு கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ வரும். நிழலில் தார்ப்பாய் மேல் பரப்பி, மெதுவாகப் புரட்டுங்கள். சத்து இலையில்தான் இருக்கிறது, உதிர்ந்த இலையைக் கூட்டிச் சேருங்கள். காம்பை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தரையில் படாமல், சுவரை ஒட்டாமல், பலகை போட்டு அடுக்குங்கள். ஒரு வாரம் கழித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பிரித்துக் காயவையுங்கள்.

போடக் கூடாதவை

இட்லி, சோறு, பிஸ்கட், முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டாம். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி நஞ்சு. இளம் சோளப் பயிரிலும் நஞ்சு உண்டு. முட்டைக்கோஸ் தழை அதிகமானால் வயிறு ஊதும். சவுண்டல் தழை கொஞ்சமாகப் போதும், அதிகம் போனால் முடி கொட்டும். மழையில் நனைந்த புல்லை ஈரம் வாடவிட்டுப் போடுங்கள். எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் எடுத்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இப்போது குச்சித் தீவனம் மட்டும் போடுபவர்களுக்கு இது முக்கியம்.

காய்ந்த தீனிக்கு நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இரவில்தான் முயல் அதிகம் தின்னும், அதனால் பெரிய பங்கு சாயங்காலம் போடுங்கள். அரை நாள் ஒன்றும் தின்னாமல், சாணம் போடாமல் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கடன் கேட்கும் முன்

"முயல் வாங்குங்க, குட்டியை நாங்களே எடுத்துக்கிறோம், தீவனம் மட்டும் எங்ககிட்டயே வாங்கணும்" என்று யாராவது வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். குட்டி எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். குட்டியை எடுக்காமல் போனாலும் அவை தின்பது நிற்காது. முயலுக்கு உங்கள் ஊரில் விற்பனை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பயிற்சி வேண்டுமானால் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது, அங்கே முயல் ஆராய்ச்சியும் நடக்கிறது. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

• முயல் வைத்திருப்பவர் எல்லோரும் போன மாதத் தீவனச் செலவைச் சொல்லட்டும், பலகையில் எழுதுங்கள்.
• பக்கத்து ஊரில் கடலை பறிப்பு எந்த மாதம், கொடி என்ன விலை என்று விசாரிக்க இரண்டு பேரைப் போடுங்கள்.
• வேலிமசால் இருக்கும் உறுப்பினரிடமிருந்து விதை பகிர்ந்துகொள்ளுங்கள்.
• இனி முயலுக்குக் கடன் கேட்டு வரும் மனுவில் ஆறு மாதத் தீனிக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். தீனிக்கு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கடனைத் தீர்மானியுங்கள்.

நம் சேமிப்பு ஒவ்வொரு ரூபாயும் வியர்வை சிந்திச் சேர்த்தது. அது தீவன மூட்டைக்குப் போகாமல் வீட்டில் நிற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்து உங்கள் குழுவில் என்ன மாற்றம் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

– களப்பணி ஒருங்கிணைப்பாளர்