ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன மாசம் திருவையாறு பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு ஆறரை வயசு. முன்பல் ரெண்டும் விழுந்திருக்கு. விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள்ள வெச்சு, பாட்டியும் அவளுமா சேர்ந்து கூரை மேல எறிஞ்ச கதையை எனக்கு நாலு தடவை சொல்லிட்டா. அஞ்சாவது தடவை சொல்லும்போது, "சித்தி, பின்னாடி ஒண்ணு கறுப்பா இருக்கு பாரு"ன்னு வாயைத் திறந்து காட்டினா.

மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கீழ்வரிசையில கடைசிப் பல்லோட பள்ளத்துல மெலிசா ஒரு கறுப்புக் கோடு. அக்கா எட்டிப் பார்த்துட்டு, "அது பால் பல்லுதானே, விழுந்து வேற முளைச்சிடும்"னா.

எனக்குத் திக்குன்னுச்சு. இதே வார்த்தையை என் பல்லைப் பார்த்துட்டு எங்க அம்மாவும் சொல்லியிருக்காங்க. அந்தப் பல் இப்போ என் வாயில இல்ல. 11 வயசுல அடைச்சு, 19 வயசுல ரூட் கெனால் பண்ணி, கேப் போட்டு, கடைசியில 24 வயசுல உடைஞ்சு, பிடுங்க வேண்டியதாப் போச்சு. ஏன்னா அது பால் பல்லே இல்ல. ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய பல்.

இன்னிக்கு எபிசோட் அந்தப் பல்லைப் பத்தியும், அதைக் காப்பாத்துற சீலண்ட் என்கிற ஒரு சின்னப் பூச்சைப் பத்தியும்தான்.

யாரும் கவனிக்காத பல்

பால் பற்கள் மொத்தம் 20. மேல பத்து, கீழ பத்து. நடுவுல இருந்து ஒரு பக்கமா எண்ணினா அஞ்சு. கிட்டத்தட்ட 6 வயசுல, அந்த அஞ்சுக்கும் பின்னாடி, காலியா இருக்கிற இடத்துல ஆறாவதா ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு மொத்தம் நாலு. இதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்.

இது வர்றதுக்காக எந்தப் பல்லும் விழுறதில்ல. முன்பல் விழுந்தா வீடே கொண்டாடுது, கூரையில எறியுது, போட்டோ எடுக்குது. இந்தப் பல்லுக்கு ஒரு சடங்கும் கிடையாது. சத்தமில்லாம வந்து நிக்கும். அதனால நிறைய வீடுகள்ல இதையும் பால் பல் கணக்குலயே சேர்த்துடுறாங்க. சாப்பாட்டை மெல்லுற வேலையில பெரும்பங்கு இந்தப் பல்லுக்குத்தான். சொத்தை முதல்ல பிடிக்கிற நிரந்தரப் பல்லும் பெரும்பாலும் இதுதான்.

பூச்சி இல்ல, பள்ளம்

ஊர்ல "பூச்சிப்பல்"னு சொல்லுவோம். உள்ள பூச்சி எதுவும் கிடையாது. வாயில இருக்கிற பாக்டீரியா நாம சாப்பிடுற சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமா மாத்துது. அந்த அமிலம் எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்குது.

கடைவாய்ப்பல்லோட மேற்பரப்பு வழவழன்னு இருக்காது. ஆழமான பள்ளங்களும் கோடுகளுமா இருக்கும். சில பிளவுகள் டூத்பிரஷ்ஷோட ஒரு நாரை விடக் குறுகல். எவ்வளவு நல்லாத் தேய்ச்சாலும் நார் அடிவரைக்கும் போகாது. பிஸ்கட் துணுக்கு போகும். அசோகா அல்வா கண்டிப்பா போகும். அதனாலதான் பிள்ளைங்களோட நிரந்தரப் பல்லுல வர்ற சொத்தையில பத்துக்கு ஒன்பது பின்பற்கள்லதான் வருதுன்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லுது. "நல்லாத் தேய்க்கலை, அதான்"னு பிள்ளையைத் திட்டுறதுல பாதி நியாயம்கூட இல்ல.

அண்டை வெட்டுற மாதிரி

சீலண்ட்னா என்னன்னு அக்கா கேட்டப்போ, வயலைக் காட்டித்தான் விளக்கினேன். டெல்டாக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். நடவுக்கு முன்னாடி வரப்பை அண்டை வெட்டுவாங்க. பக்கவாட்டுல இருக்கிற புல்லைச் செதுக்கி எடுத்துட்டு, சேத்தை அள்ளி வெச்சுப் பூசுவாங்க. நண்டு வளை, எலி வளை எல்லாம் அடைபடும். நீர் கசியாது. வரப்பு உடைஞ்ச பிறகு அடைக்கிறது வேற வேலை. உடையறதுக்கு முன்னாடி பூசுறது இந்த வேலை. புல்லைச் செதுக்காம மேலாகச் சேறு பூசினா நிக்காது.

சீலண்ட்லயும் அந்தச் செதுக்குற வேலை உண்டு. பல்லைச் சுத்தம் பண்ணி, மென்மையான ஃபாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் வைப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகும். கழுவி, நல்லா உலர்த்தி, நீர்மமா இருக்கிற ரெசினைப் பள்ளத்துல விடுவாங்க. நீல ஒளியைக் காட்டினா இறுகிடும். அவ்வளவுதான். ஊசி இல்ல, துளை போடுறதில்ல, வலி இல்ல. ஒரு பல்லுக்குச் சில நிமிஷம்.

இந்த அமில யோசனைக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1955-ல மைக்கேல் புவோனகோர்னு ஒரு அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர், உலோகத்துல பெயின்ட் நல்லா ஒட்டணும்னு தொழிற்சாலைகள்ல ஃபாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துறதைப் பார்த்துட்டு, அதையே பல் எனாமல்ல முயற்சி பண்ணினார். ஒட்டுச்சு. 1967-ல அவரும் கியூட்டோ என்பவரும் சேர்ந்து, இப்படிப் பள்ளங்களை அடைச்சா சொத்தை குறையுதுன்னு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. அதாவது இது நேத்து வந்த ஃபேஷன் இல்ல, அரை நூற்றாண்டைத் தாண்டின விஷயம்.

பலன் எவ்வளவு? சிடிசி கணக்குப்படி, சீலண்ட் போட்ட முதல் 2 வருஷம் பின்பற்கள்ல வர்ற சொத்தையில 80 சதவீதத்தைத் தடுக்குது. 4 வருஷம் வரைக்கும் 50 சதவீதம். சீலண்ட் இல்லாத பிள்ளைங்களுக்கு முதல் கடைவாய்ப்பல்லுல கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா சொத்தை வருதுன்னும் 2016-ல சொன்னாங்க.

வழக்கமா வர்ற கேள்விகள்

*பிளாஸ்டிக் ஆச்சே, உடம்புக்கு ஆகுமா?* சில ரெசின் சீலண்ட்கள்ல இருந்து பிபிஏ என்கிற வேதிப்பொருள் மிகச் சொற்பமா, அதுவும் போட்ட உடனே கொஞ்ச நேரம் மட்டும் வெளிவரலாம். அன்றாடம் மத்த பொருட்கள் வழியா உடம்புக்குள்ள போற அளவை விட அது குறைவுன்னு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொல்லுது.

*ஒருதரம் போட்டா போதுமா?* போதாது. வரப்பைப் போலவே இதையும் அப்பப்போ பார்க்கணும். ஓரம் பெயர்ந்திருந்தா திரும்பப் பூசலாம். போடும்போது எச்சில் பட்டுட்டா சீக்கிரம் பெயர்ந்துடும். பாதி முளைச்ச பல்லை ஈரமில்லாம வெச்சுக்கிறது கஷ்டம். அதுக்குக் கிளாஸ் அயனோமர்னு வேற பொருள் இருக்கு. ஈரத்தை ஓரளவு தாங்கும், ஃப்ளோரைடும் வெளிவிடும். ஆனா ரெசின் அளவுக்கு நீடிச்சு நிக்காது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தது.

*சீலண்ட் போட்டா பல் தேய்க்க வேண்டாமா?* தேய்க்கணும். சீலண்ட் பள்ளத்தை மட்டும்தான் காக்கும். பக்கவாட்டையும் இடுக்கையும் காக்கிறது ஃப்ளோரைடு பேஸ்ட். 3 வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயசு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் நிறையப் பிதுக்க வேண்டாம்.

யார் கேட்கிறாங்க?

2002-03 தேசிய வாய்நலக் கணக்கெடுப்புல நம்ம நாட்டு 12 வயசுப் பிள்ளைகள்ல பாதிக்கும் மேல சொத்தைப்பல் இருந்தது. 2013-ல இருந்து ஆர்பிஎஸ்கே திட்டத்துல நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருது. அவங்க தேடுற பாதிப்புகள்ல பல் சொத்தையும் ஒண்ணு. நம்ம மாநிலத்துல 2023-ல 'புன்னகை'ன்னு பள்ளிப் பிள்ளைங்களுக்கான பல் பரிசோதனைத் திட்டமும் வந்தது. ரெண்டும் நல்லது. ஆனா பரிசோதனைங்கிறது பெரும்பாலும் வந்த சொத்தையைக் கண்டுபிடிக்கிறது. சீலண்ட் வேலை செய்யுறது அதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல பிள்ளைக்கு வலியே இருக்காது, வலிக்காத பல்லுக்கு எந்த வீட்டுலயும் டாக்டர்கிட்ட போறதில்ல. கிராமமும் அப்படித்தான், சென்னை அப்பார்ட்மென்ட்டும் அப்படித்தான். அதனால நாமதான் போய், "இந்தப் பல்லுக்கு சீலண்ட் போடலாமா?"ன்னு பேர் சொல்லிக் கேட்கணும்.

அக்கா பொண்ணைத் தஞ்சாவூர்ல ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்தக் கறுப்புக் கோட்டை உலர்த்திப் பார்த்துட்டு, "மேற்பரப்பு இன்னும் உடையலை, சீலண்ட் போதும்"னார். ஆனா அதுக்கு நேரெதிர்ப் பக்கம், கோடே தெரியாத பல்லுல சின்னக் குழி விழுந்திருந்தது. அதை அடைக்க வேண்டியதாப் போச்சு. மேல ரெண்டும் பாதிதான் முளைச்சிருந்தது. அதுக்கு இப்போதைக்குக் கிளாஸ் அயனோமர் வெச்சிருக்கார். அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா நாலுமே தப்பிச்சிருக்கும். அக்கா திரும்பி வர்ற பஸ்ல ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், "யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல"ன்னா.

அதுக்காகத்தான் இந்த எபிசோட். உங்களுக்குப் பிள்ளை இல்லாட்டி என்ன, நீங்க யாருக்கோ மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி. வீட்டுல 6, 7 வயசுப் பிள்ளை இருந்தா, இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சு நடுவுல இருந்து எண்ணுங்க. விழுந்த பல்லோட இடத்தையும் சேர்த்து எண்ணணும். ஆறாவதா ஒண்ணு இருந்தா, அது இனி விழாது. 12 வயசு வாக்குல அதுக்குப் பின்னாடி ஏழாவது வரும். அதுக்கும் இதே கதைதான்.

எண்ணிட்டு, என்ன பார்த்தீங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.