சினிமா கிராபிக்ஸில் நம்ம சர்வே பாடம்



சர்வே பிராக்டிகலில் உச்சி வெயிலில் ரேஞ்சிங் ராடைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்குடா?" என்று சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடமே சினிமா கிராபிக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது, எங்கள் வீட்டுக்கு மாடி கட்டியபோதுதான் தெரிந்தது. நிஜ மாடி இல்லீங்க, கம்ப்யூட்டர் மாடி!

என் அப்பா கொத்தனார். ஊரில் எத்தனையோ பேருக்கு மாடி எடுத்துக் கொடுத்தவர். எங்கள் வீடு மட்டும் இன்னும் ஒரே தளம். வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "அப்படி என்னதான்டா படிக்கிற?" என்று அவர் கேட்டதற்குப் பதிலாக, வீட்டை செல்போனில் படம் எடுத்து மேலே ஒரு மாடியை வைத்துக் காட்ட நினைத்தேன். பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் 2011 முதலே இதற்கு வசதி இருக்கிறது.

முதல் தடவை வாசலில் நின்றபடி போனை மட்டும் இடமிருந்து வலமாகத் திருப்பி எடுத்தேன். மாடியை வைத்தால் வழுக்கியது. அப்பா பார்த்துவிட்டு, "சுவர் ஒரு பக்கம் போகுது, மாடி ஒரு பக்கம் போகுது. தூக்குக்குண்டு பிடிக்கலையா?" என்றார். எனக்கு முகமே செத்துப்போச்சு.

தப்பு எங்கே? திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து மரம் ஓடும், தூரத்துச் சிறுமலை நகரவே நகராது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரம் என்று கணக்குப் போட முடியும். நின்ற இடத்திலேயே திரும்பினால் எல்லாம் சேர்ந்து நகரும், தூரம் தெரியாது. பிளேன் டேபிளில் இரண்டு இடத்தில் நின்று ஒரே மரத்தைப் பார்த்துக் கோடு போடுகிறோம் அல்லவா? கோடுகள் வெட்டும் இடம்தான் மரம். இங்கேயும் அதுவே. ஒரே கஷ்டம், டேபிள் நின்ற இடமும் தெரியாது. கேமராவின் இடம், புள்ளியின் இடம் இரண்டையும் கம்ப்யூட்டர் சேர்த்தே கண்டுபிடிக்கிறது. பிளெண்டருக்கு இரண்டு பிரேம்களில் பொதுவாகக் குறைந்தது 8 புள்ளிகள் வேண்டும்.

மறுபடி தெருவோடு பத்து அடி நடந்து எடுத்தேன். ஜூம் தொடவில்லை. வெறும் சுவரில் பிடிக்க ஒன்றும் இருக்காது என்பதால் கறுப்பு டேப் துண்டுகள் ஒட்டினேன். ஆடு, கொடியில் ஆடும் துணி இதிலெல்லாம் புள்ளி வைக்கக் கூடாது. இரண்டு கரண்ட் கம்பிகள் குறுக்கே போகும் இடமும் ஏமாற்றும். நாம் நகர நகர அந்தச் சந்திப்பும் நகரும்.

இவ்வளவும் செய்தாலும் வீடு 7 அடியா, தீப்பெட்டி அளவா என்று படத்துக்குத் தெரியாது. ஒரு நீளமாவது நாம் அளந்து சொல்ல வேண்டும். 1802-ல் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் பேஸ் லைனை அளந்துவிட்டுத்தான் கோணங்களை வைத்து மேலே போனார். என் பேஸ் லைன், அப்பாவின் டேப்பில் அளந்த வாசல் நிலை!

புள்ளிகள் கிடைத்தால் வீடு ஆகிவிடாது. அவை அந்தரத்தில் தொங்கும். தரைப் புள்ளிகள் மூன்றைப் பிடித்துத் தரையை மட்டம் செய்தேன். சுவர்ப் புள்ளிகளில் ஒரு பலகை, மொட்டை மாடிக்கு ஒரு பலகை. இவை படத்தில் தெரியாது. மாடியின் நிழல் விழவும், மாடிக்கு முன்னால் இருப்பது மாடியை மறைக்கவும்தான் இவை. ஜன்னல் கம்பி, ஓடு என்று எல்லாவற்றையும் செதுக்குவது வீண் வேலை. நான் இரண்டு நாள் செதுக்கிவிட்டுச் சொல்கிறேன். வாசல் வேப்பமரத்துக்கோ பலகை உதவவில்லை. இலை ஆடுகிறதே! 6 செகண்டுக்கு 180 பிரேம், கையாலேயே வெட்டினேன். நாலு ராத்திரி போச்சு.

அப்பா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "இப்ப நிக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறுறதுக்குப் படி எங்கடா தம்பி?" என்றார்.

படி வைக்கவே இல்லை. அது தெற்குப் பக்கம் வர வேண்டும். அந்தப் பக்கம் என் ஷாட்டில் கிடையாது. வருகிற ஞாயிறு மறுபடி நடக்க வேண்டும்.