கல்லில் வெட்டிய தவறான அப்பா

அமெரிக்காவின் பிளிமத் ஊரில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில் பழைய இடுகாடு இருக்கிறது. அங்கே ஜான் ஹவ்லண்ட் என்பவருக்கு அவர் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். அவர் மனைவி ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்றது அந்தக் கல். கல்லில் வெட்டியதை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் கார்வர் அந்தப் பெண்ணின் அப்பா இல்லை.

பெண்ணின் பெயர் எலிசபெத் டில்லி. 1620-இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் பெற்றோருடன் வந்தபோது வயது 13. கப்பலில் வந்த 102 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். எலிசபெத்தின் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நால்வரும் போய்விட்டார்கள். ஹவ்லண்ட், கார்வர் வீட்டு ஊழியராக வந்தவர். அனாதையான எலிசபெத்துக்கும் கார்வர் வீட்டில்தான் அடைக்கலம் கிடைத்தது என்று நம்புகிறார்கள். ‘கார்வர் வீட்டுப் பெண்’ என்பது வாய்வழியில் ‘கார்வரின் பெண்’ ஆகியிருக்கும்.

இதைத் திருத்தியது ஒரு கையெழுத்துப் பிரதி. பிளிமத்தின் நெடுநாள் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய வரலாறு அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போனது. 1855-இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் அகப்பட்டு, மறு ஆண்டு அச்சேறியது. கப்பலில் வந்தவர்களையும், முப்பது ஆண்டுகளில் அவர்கள் குடும்பம் பெருகியதா குறைந்ததா என்பதையும் பிராட்ஃபோர்ட் அதில் வீடுவாரியாக எழுதியிருந்தார். ஜான் டில்லியின் மகள் எலிசபெத், ஹவ்லண்டை மணந்தாள் என்பது அதில் தெளிவாக இருந்தது. பின்னர் கல்லையும் மாற்றினார்கள்.

ஆனால் ஜான் டில்லியின் மனைவிக்கு பிராட்ஃபோர்ட் பெயர் தரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இரண்டாவது தவறு நுழைந்தது. ஹாலந்தின் லைடன் நகரில் 1615-இல் ஒரு ஜான் டில்லி மணம் முடித்த பதிவு கிடைத்ததும், அவர் மனைவி பிரிட்ஜெட் வான் டெர் வெல்டேயை எலிசபெத்துக்குத் தாயாக்கிவிட்டார்கள். மேஃபிளவர் கூட்டத்தில் பலர் லைடனிலிருந்து வந்தவர்கள் என்பதால் அது பொருந்துவதுபோல் தோன்றியது. பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

முடிச்சு அவிழ்ந்தது 1976-இல். ராபர்ட் லீ வார்டு என்ற ஆய்வாளர் டில்லியை மட்டும் தேடாமல், அவரோடு வந்த கூட்டத்தையே தேடினார். எலிசபெத்தின் சித்தப்பா எட்வர்டுடன் ஹென்றி சாம்ப்சன், ஹுமிலிட்டி கூப்பர் என்ற இரண்டு உறவுக்காரப் பிள்ளைகளும் கப்பலில் இருந்தார்கள். டில்லி என்ற பெயர் பல ஊர்களில் கிடைக்கலாம்; டில்லி, சாம்ப்சன், கூப்பர் மூன்றும் ஒன்றுக்கொன்று உறவாக எத்தனை ஊரில் கிடைக்கும்? இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், ஹென்லோ தேவாலயப் பதிவேட்டில் கிடைத்தது. 1596-இல் ஜான் டில்லி, ஜோன் ஹர்ஸ்ட் என்ற விதவையை மணந்தார். 1607 ஆகஸ்ட் 30 அன்று எலிசபெத்துக்கு ஞானஸ்நானம். இங்கும் ஒரு பொறி: ஜோனின் முதல் கணவர் பெயர் தாமஸ் ராஜர்ஸ். மேஃபிளவரிலும் ஒரு தாமஸ் ராஜர்ஸ் வந்தார். அவர் வேறு ஆள்.

இப்போது மறுமுனைக்கு வாருங்கள். 1686 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஸ்வான்சி ஊரில், மகள் வீட்டில் இருந்த எலிசபெத் உயில் எழுதினார். தன் வயதை அதில் 79 என்று சொல்கிறார். 1607-ஐக் கழித்துப் பாருங்கள். கடலுக்கு இருபுறமும் இருந்த இரண்டு காகிதங்கள் ஒன்றையொன்று ஒத்துக்கொள்கின்றன. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். உயிலே ஒரு வீட்டைக் காட்டுகிறது: மூத்த மகன் ஜானுக்கு, பைபிளை ஆங்கிலமாக்கிய டிண்டேலின் நூல், ஜோசப்புக்குத் தூக்குக்கோல், ஜேபஸுக்கு இறகு மெத்தை. பத்துப் பிள்ளைகளில் டிசையர், ஹோப், ரூத் மூவரின் பெயர் இதில் இல்லை. தாய்க்கு முன்பே இறந்துவிட்டார்கள். உயிலில் பெயர் இல்லாததால் பிள்ளையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. டிசையரின் பெயர் 1627-இல் மாடுகளைப் பங்கு பிரித்த பட்டியலில் இருக்கிறது. ஊரின் 156 பேரை 13 பேராக 12 கூறு பிரித்ததால், மாட்டுக் கணக்கே மக்கள்தொகைக் கணக்காகிவிட்டது. ஹவ்லண்ட் கூறுக்கு விழுந்த கிடாரியின் பெயர்கூடப் பதிவில் உண்டு: ராக்ஹார்ன்.

பிளிமத் எழுந்த அதே மண் அதற்கு முன் பட்டக்செட் என்ற வாம்பனோக் பழங்குடியினரின் ஊர். கப்பல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு கொள்ளைநோயில் அழிந்தது. அங்கே பிறந்த பெண்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் இல்லை, உயிலும் இல்லை.

தேதிகளில் மட்டும் கவனம் வேண்டும். அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. அதனால்தான் ஹவ்லண்ட் இறந்த நாளை 1672/3 பிப்ரவரி 23 என்று எழுதுகிறார்கள். எலிசபெத் 1687 டிசம்பரில் இறந்தார். அவருக்குத் தாய் பிரிட்ஜெட் என்று போட்ட குடும்ப மரம் இன்றும் கண்ணில் பட்டால், அதன் மற்றக் கிளைகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.