உரிமத்தில் எழுதிய மொழி

தமிழ் பேசினால் அது தமிழ்த் தொலைக்காட்சி. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. ஓர் அலைவரிசைக்கு உரிமம் வழங்கும்போதே, "இன்ன மொழியில் இவ்வளவு நேரம் ஒளிபரப்ப வேண்டும்" என்று நிபந்தனை விதிக்கும் நாடுகள் உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த என்போன்றோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

கனடாவை எடுத்துக்கொள்வோம். ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையாக வாழும் நாடு அது. அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். அவையும் பழங்குடி மக்களின் மொழிகளும் நீங்கலாக, ஏனையவற்றை 'மூன்றாம் மொழி' என்பர். அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் 1999இல் ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி, குடியேறிய இனத்தாருக்கான நிலையம் தன் நேரத்தில் குறைந்தது 60 விழுக்காட்டை அவர்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்க வேண்டும். மூன்றாம் மொழி நிகழ்ச்சிகள் 50 விழுக்காட்டுக்குக் குறையலாகாது.

கணக்கு ஏன் இரண்டு? பௌதிகம் பயிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீளத்தையும் எடையையும் ஒரே கோலால் அளக்க முடியுமா? 'யாருக்காக' என்பது ஓர் அளவு. 'எம்மொழியில்' என்பது மற்றோர் அளவு. தமிழ் இளைஞருக்காக ஆங்கிலத்தில் நடக்கும் உரையாடல் முதற் கணக்கில் சேரும், இரண்டாவதில் சேராது.

இவ்விரண்டு அளவும் போதுமா? போதா என்பதை 2015 காட்டிற்று. டொரொன்டோவில் 1979இல் தொடங்கி, பின்னர் ஆம்னி எனப் பெயர்பெற்ற பன்மொழி நிலையம், அவ்வாண்டு மே மாதத்தில் பஞ்சாபி, இத்தாலியம், காண்டனீஸ், மாண்டரின் செய்தியறிக்கைகளை நிறுத்தியது. அவற்றினிடத்தில் விவாத நிகழ்ச்சிகள் வந்தன. மொழி இருந்தது, செய்தி போயிற்று. மக்கள் முறையிட்டனர். 2017இல் ஆணையம் அதனை நாடெங்கும் கட்டாயமாக வழங்கப்படும் அலைவரிசையாக்கியபோது, அந்நான்கு மொழிகளிலும் அன்றாடச் செய்தி வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்த்தது. அந்நான்கில் தமிழ் இல்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் நிலை என்ன? இங்கே இத்தகைய விழுக்காட்டுக் கணக்கு இல்லை. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஓர் அலைவரிசை தன் மொழியை மாற்றுவதற்கு அனுமதி பெற வேண்டியதில்லை. முன்கூட்டித் தெரிவித்தாலே போதும். மொழியைக் காக்கும் காவலர் பார்ப்பவர்தாம்!

சென்னை அலைவரிசைகள் இங்கே தடையின்றி வருகின்றன; தமிழுக்குப் பஞ்சமில்லை. ஆனால், சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வாழும் தமிழரைப் பற்றி அவற்றில் நாம் காண்பது எவ்வளவு? எம்மொழியில் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. யாருக்காக என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தொலைக்காட்சி நிலையம் அமைப்பது மாணவர் கைக்கு எட்டாத செலவு. வானொலி அப்படியன்று. கல்வி நிலையங்களும் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்கலாம். 2006ஆம் ஆண்டில் அதற்கென வகுத்த நெறிமுறைகள், நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்றன. உள்ளூர் மொழியையே விரும்பத்தக்கது என்றன.

திருவனந்தபுரத்தில் தமிழும் உள்ளூர் மொழிதானே? நம் மன்றம் இதை எடுத்துப் பேசட்டும். வாரம் அரைமணி கேட்டாலும், அந்த அரைமணியில் இவ்வூர்த் தமிழரின் செய்தி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.