ஆட்டக் கணக்கில் நியாயம்

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் நாஞ்சில் நாட்டுச் சிறுவர்கள் செய்கிற முதற்காரியம், மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடத் தொடங்குவதுதான். கடலோர ஊர்களில் கால்பந்துக்கே மதிப்பு அதிகம். எனினும் பூதப்பாண்டியிலும் சுசீந்திரத்திலும் மாலை வேளையில் மட்டையின் ஓசை கேளாத நாள் அரிது. எந்த ஆட்டக்காரர் எத்தனை ரன் எடுத்தார் என்று இச்சிறுவர்களைக் கேட்டால், வாய்ப்பாட்டைவிட வேகமாக ஒப்பிப்பார்கள். அந்தக் கணக்கை எழுதியவர் யார், யாரை விட்டுவிட்டு எழுதினார்கள் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லுவார் இல்லை.

இக்கேள்வியை அமெரிக்கர்கள் சமீபத்தில் தங்களையே கேட்டுக்கொண்டனர். அவர்களுடைய பேஸ்பால் நமது கிரிக்கெட்டுக்குத் தாயாதி முறை. அங்கும் மட்டையும் பந்தும் ஓட்டமும் உண்டு. கணக்கில் அவர்களுக்குள்ள பக்தியோ நமக்குக் கிடையாது. 1947 ஏப்ரல் 15-ல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரையில், அரை நூற்றாண்டுக்கு மேலாக, கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரையும் பெரிய கோஷ்டிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தனி லீகுகளில் ஆடினர். அந்த ஆட்டங்கள் பிரதானக் கணக்கில் ஏறவில்லை. 1920 முதல் 1948 வரை நடந்த அப்பந்தயங்களின் கணக்கைப் பிரதானக் கணக்குடன் சேர்த்தது 2024 மே மாதத்தில்தான். உடனே, பல தலைமுறைகளாக வாழ்நாள் சராசரியில் முதலிடத்திலிருந்த டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 367. அவரை முந்திய ஜாஷ் கிப்ஸனுடையது 372. அந்தக் கிப்ஸன், ராபின்சனுக்குக் கதவு திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரி 20-ல், முப்பத்தைந்து வயதில் காலமாகிவிட்டார்.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அன்றைய சென்னை ராஜதானியிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. சேப்பாக்கம் மைதானம் வெள்ளையர் கிளப்பின் வசம் இருந்தது. ஐரோப்பியர் உள்ளே விருந்துண்ண, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது என்று கூறுவார்கள். அதைப் பொறாத புச்சிபாபு நாயுடு 1888-ல் சென்னை ஐக்கிய கிளப்பை நிறுவினார். ஐரோப்பியரை இந்தியர் எதிர்த்தாடும் ராஜதானிப் பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. 1908-ல் அவர் மறைந்தார். பந்தயமோ பின்னாளில் பொங்கல் திருவிழாவின் ஓர் அங்கமாகவே நிலைத்து, 1952 வரை நடைபெற்றது.

அதே மைதானத்தில் 1934 நவம்பர் 4-ல் ரஞ்சி கோப்பையின் முதற்பந்தயம் நடந்தது. மைசூர் கோஷ்டிக்கு எதிராக முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னுக்கு வீழ்ந்தது. சென்னை 130 எடுத்தது. மறுபடி ஆடிய மைசூர் 59-க்குச் சுருண்டது. காலையில் தொடங்கிய பந்தயம் அன்றே முடிந்தது! 35 ரன்கள் கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் ஏ. ஜி. ராம்சிங் என்ற இடக்கைப் பந்துவீச்சாளர். அமிருதசரஸில் பிறந்து சென்னையைச் சொந்தமாக்கிக்கொண்டவர் அவர். ரஞ்சி பந்தயங்களில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் முதன்முதலாகக் கண்ட அவருக்கு, டெஸ்ட் கோஷ்டியில் ஒருமுறைகூட இடம் கொடுக்கப்படவில்லை. இந்தியா 1936-க்குப் பின் பத்தாண்டு டெஸ்ட் ஆடவில்லை, யுத்தம் குறுக்கிட்டது என்று சமாதானம் சொல்லலாம். யுத்தத்துக்கு முன்பும் பின்பும் பந்தயங்கள் நடந்தனவே! 1955-ல் அவர் புதல்வர் கிருபால் சிங், ஹைதராபாத்தில், தமது முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் நூறு ரன் எடுத்தபோது தந்தையின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

கோபாலனின் கதை வேறு. ஹாக்கியிலும் அவர் தேர்ந்தவர். 1935-ல் தியான் சந்துடன் நியூஸிலாந்து சென்றார். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்தில் கிரிக்கெட்டா என்ற நிலை வந்தது. ஹாக்கித் தேர்வுக்குப் போகாமல் கப்பலேறிய அவரை அங்கு ஒரு டெஸ்டிலும் ஆடவிடவில்லை. அந்த ஆகஸ்டு 15-ல் இந்திய ஹாக்கிக் கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று முறியடித்துத் தங்கம் வென்றது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒன்றே கோபாலனுடைய டெஸ்ட் கணக்கு.

இவர்களுக்காவது ரஞ்சி கணக்கில் பெயர் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வாலிபர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1934-ல் நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தோம். சென்னைக் கோஷ்டி நமதல்ல. திருவிதாங்கூருக்கோ கோஷ்டியே கிடையாது. திருவிதாங்கூர்-கொச்சி கோஷ்டி ரஞ்சியில் புகுந்தது 1951-52-ல்தான். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. தாய்த் தமிழகத்துடன் சேர்ந்ததில் நமக்குள்ள பெருமிதம் சிறிதும் குறைந்ததில்லை. ஆனால் கிரிக்கெட் வாலிபனுக்கு, அருகே திருவனந்தபுரத்தில் ஐந்து வருஷமே திறந்திருந்த கதவு, 700 கிலோமீட்டர் வடக்கே சென்னைக்கு மாறிவிட்டது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

அமெரிக்கர்கள் பழைய லீகுகளின் கணக்கை எங்கிருந்து எடுத்தார்கள்? அக்காலப் பத்திரிகைகளையும் ஆட்டக் குறிப்புகளையும் ஆண்டுக்கணக்கில் துருவினார்கள். நம் மாவட்டத்திலும் பள்ளி, கல்லூரி, கிளப் ஆட்டங்களின் பழைய ஸ்கோர் புத்தகமோ, கோஷ்டிப் படமோ யார் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், அதை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலோ கல்லூரி ஒன்றிலோ சேர்ப்பிக்க வேண்டுகிறோம். அவற்றைப் பிரதி எடுத்துப் பாதுகாக்க ஒரு சிறு கமிட்டி போதும், பெரிய செலவில்லை. 1951-ல் இருபது வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டனர். அடுத்த கும்பப்பூ அறுவடைக்குள் இந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.